இரு நாட்டு உழைப்பும் ஓர் ஓய்வூதியமும்: அமெரிக்கச் சட்ட மாற்றம் தரும் பாடம்

இந்தியாவில் இருபது ஆண்டுகள் பணி, பின்னர் அமெரிக்காவில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள், அதன்பின் தாயகம் திரும்புதல் என்ற வாழ்க்கை நம் வாடிக்கையாளர் பலருக்கு உரியது. இத்தகையோர் ஓய்வு பெறும் வயதை அடையும்போது ஒரு கேள்வி எழுகிறது. இந்தியாவில் பெறும் ஓய்வூதியம், அமெரிக்க அரசு தரவேண்டிய ஓய்வூதியத்தைக் குறைத்துவிடுமா?

அண்மைக் காலம் வரை இதற்கு உரிய விடை "ஆம், குறைக்கக்கூடும்" என்பதே. அந்த விடையைக் கேட்டு, "கிடைப்பது சொற்பம், அதற்கு ஏன் அலைய வேண்டும்?" என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டவர்களும் உண்டு. 2025 ஜனவரி 5 அன்று கையெழுத்தான சட்டம் ஒன்று அந்த விடையை மாற்றிவிட்டது. ஆயினும் எல்லாத் தடைகளும் நீங்கிவிட்டதாகக் கருதுவதும் தவறாகும். எது மாறியது, எது மாறவில்லை என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

வரி செலுத்திய பணியும் செலுத்தாத பணியும்

அமெரிக்காவில் ஊதியம் பெறுவோர், சமூகப் பாதுகாப்பு எனப்படும் சோஷியல் செக்யூரிட்டி திட்டத்துக்குத் தம் ஊதியத்தில் 6.2 விழுக்காட்டை வரியாகச் செலுத்துகின்றனர். முதலாளியும் அதே அளவு செலுத்துகிறார். ஆண்டுதோறும் நிர்ணயிக்கப்படும் ஊதிய உச்சவரம்பு வரை இவ்வரி பிடிக்கப்படும். இவ்வாறு வரி பிடிக்கப்பட்ட பணியை 'பங்களிப்புள்ள பணி' என்றும், பிடிக்கப்படாத பணியை 'பங்களிப்பற்ற பணி' என்றும் இங்கே குறிப்போம்.

பங்களிப்பற்ற பணி என்றவுடன் வரி ஏய்ப்பு என்று எண்ணிவிடக் கூடாது. 1935இல் இத்திட்டம் தொடங்கப்பட்டபோது மாநில, உள்ளாட்சி அரசு ஊழியர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. பின்னர் பல மாநிலங்கள் சேர்ந்தன; எனினும் கலிஃபோர்னியா, டெக்சாஸ், இல்லினாய், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களின் ஆசிரியர்கள் பெரும்பாலும் தம் மாநிலத்தின் தனி ஓய்வூதிய நிதியையே சார்ந்துள்ளனர். 1984க்கு முன் பணியில் சேர்ந்த கூட்டாட்சி அரசு ஊழியர் பலரும் பழைய தனித் திட்டத்தில் இருந்தவர்களே. இவர்கள் அனைவரும் சட்டப்படியே இவ்வரிக்கு வெளியில் இருந்தவர்கள்.

இந்தியாவில் இந்திய நிறுவனத்திலோ அரசுத் துறையிலோ பார்த்த பணியும் அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் பங்களிப்பற்ற பணியே. அப்பணிக்காக அமெரிக்க நிதியில் ஒரு டாலரும் சேரவில்லை அல்லவா? எனவே இந்திய அரசு ஓய்வூதியமும், ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995இன் கீழ் வரும் ஓய்வூதியமும், டெக்சாஸ் ஆசிரியர் ஒருவரின் ஓய்வூதியமும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கப்பட்டன.

ஓய்வூதியம் கணக்கிடப்படும் முறை

முதலில் தகுதி. அமெரிக்க ஓய்வூதியம் பெற 40 தகுதிப் புள்ளிகள் வேண்டும். ஓர் ஆண்டில் அதிகபட்சம் 4 புள்ளிகள் கிடைக்கும். 2025இல் 1,810 டாலர் ஊதியத்துக்கு ஒரு புள்ளி. 7,240 டாலர் ஈட்டினாலே அவ்வாண்டின் நான்கு புள்ளிகளும் சேர்ந்துவிடும். ஆகவே சுமார் 10 ஆண்டுப் பணி போதுமானது. ஒருமுறை பெற்ற புள்ளிகள் காலாவதியாவதில்லை.

அடுத்தது தொகை. ஒருவரது பணிக்கால ஊதியங்களை அக்காலப் பொது ஊதிய உயர்வுக்கேற்பச் சரிசெய்து, அவற்றுள் மிக உயர்ந்த 35 ஆண்டுகளைக் கூட்டி, 420 மாதங்களால் வகுப்பர். 35 ஆண்டுகள் இல்லையெனில் எஞ்சிய ஆண்டுகள் சுழியமாகவே கணக்கில் சேரும். இவ்வாறு கிடைப்பது சராசரி மாத ஊதியம்.

இந்தச் சராசரியை மூன்று படிகளாகப் பிரித்து ஓய்வூதியத்தைக் கணக்கிடுவர். 2023இல் 62 வயதை எட்டியவருக்கு, சராசரியின் முதல் 1,115 டாலருக்கு 90 விழுக்காடு. அதற்கு மேல் 6,721 டாலர் வரையிலான பகுதிக்கு 32 விழுக்காடு. அதையும் கடந்த பகுதிக்கு 15 விழுக்காடு. குறைந்த ஊதியம் பெற்ற தொழிலாளி முதுமையில் துன்புறக் கூடாது என்பதே முதற்படிக்கு 90 விழுக்காடு வைத்ததன் நோக்கம்.

கழிப்பு ஏன் வந்தது?

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். கணக்கு எளிதாகும்பொருட்டு நாமே அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு இது.

ஒருவர் இந்தியாவில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனத்தில் 22 ஆண்டுகள் பணியாற்றி விருப்ப ஓய்வு பெற்றார். பின்னர் அமெரிக்காவில் 12 ஆண்டுகள் பணிபுரிந்தார். சரிசெய்யப்பட்ட அவரது அமெரிக்க ஊதியம் ஆண்டுக்கு 74,025 டாலர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து 8,88,300 டாலர். இதனை 420ஆல் வகுத்தால் சராசரி மாத ஊதியம் 2,115 டாலர்.

இனி ஓய்வூதியம். முதல் 1,115 டாலரில் 90 விழுக்காடு 1,003.50 டாலர். மீதமுள்ள 1,000 டாலரில் 32 விழுக்காடு 320 டாலர். மொத்தம் மாதம் 1,323.50 டாலர். (முழு ஓய்வு வயதில் பெறத் தொடங்கினால் கிடைக்கும் தொகை இது. அவ்வயது, 1960இலும் அதற்குப் பின்னரும் பிறந்தவர்களுக்கு 67 ஆகும்.)

இதே ஊதியத்தில் ஒருவர் 35 ஆண்டுகளும் அமெரிக்காவிலேயே உழைத்திருந்தால் அவரது ஓய்வூதியம் சுமார் 2,620 டாலராக இருந்திருக்கும். நம் எடுத்துக்காட்டில் உள்ளவர் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காலமே வரி செலுத்தினார். ஓய்வூதியமோ பாதிக்குச் சற்று மேலாகவே கிடைக்கிறது. காரணம் தெளிவானது. சுழிய ஆண்டுகள் பல சேர்ந்ததால் சராசரி தாழ்ந்தது. கணக்கேட்டில் அவர் ஏழைத் தொழிலாளியைப் போலத் தோன்றினார். ஏழைக்கென வைத்த 90 விழுக்காட்டுப் படியின் பயனைப் பெற்றார். ஆனால் அவருக்கு இந்தியாவில் வேறோர் ஓய்வூதியமும் இருக்கிறது.

இது முறையன்று எனக் கருதிய அமெரிக்க நாடாளுமன்றம், 1983இல் 'விண்ட்ஃபால் எலிமினேஷன் புரொவிஷன்' என்ற விதியை இயற்றியது. எதிர்பாராத ஆதாயத்தை நீக்கும் விதி என்பது அதன் பொருள். இதன்படி, பங்களிப்பற்ற பணிக்கான ஓய்வூதியம் பெறுவோருக்கு முதற்படியின் 90 விழுக்காடு, 40 விழுக்காடு வரை குறைக்கப்பட்டது. அமெரிக்காவில் கணிசமான ஊதியத்தோடு 20 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ உழைத்தவருக்கு 40 விழுக்காடு. அதற்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 5 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடி, 30 ஆண்டுகள் நிறைந்தவருக்கு முழு 90 விழுக்காடும் கிடைத்தது.

நம் எடுத்துக்காட்டில் இவ்விதி முழுமையாகப் பொருந்தினால், 1,003.50 டாலருக்கு மாறாக 446 டாலரே கிடைக்கும். ஓய்வூதியம் 1,323.50 டாலரிலிருந்து 766 டாலராகச் சரியும்; இழப்பு மாதம் 557.50 டாலர்.

பலர் அறியாத ஒரு வரம்பு

ஆனால் அதே விதியில் ஒரு பாதுகாப்பும் இருந்தது. கழிக்கப்படும் தொகை, பங்களிப்பற்ற பணிக்கான ஓய்வூதியத்தில் பாதியை மிஞ்சக் கூடாது என்பதே அது. இந்திய ஓய்வூதியம் டாலரில் சிறியதாக இருப்பதால் இந்த வரம்பு நம்மவர்க்கு மிக முக்கியமானது.

மேற்கண்டவரின் இந்திய ஓய்வூதியம் மாதம் 40,000 ரூபாய் எனக் கொள்வோம். கணக்கு எளிதாக ஒரு டாலருக்கு 80 ரூபாய் எனக் கொண்டால், அது 500 டாலர். அதில் பாதி 250 டாலர். எனவே அவருக்கு 557.50 டாலர் கழிபடாது. 250 டாலரே கழியும். அவர் பெறுவது 1,073.50 டாலர். ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் பெறும் ஒருவருக்கோ அது 50 டாலர். கழிவு அதிகபட்சம் 25 டாலர் மட்டுமே.

கழிப்பு விதி நடைமுறையில் இருந்த காலத்திலேயே நிலைமை இதுதான். "இந்திய ஓய்வூதியம் இருந்தால் அமெரிக்க ஓய்வூதியம் போய்விடும்" என்ற பேச்சு எக்காலத்திலும் சரியன்று. அதை நம்பி விண்ணப்பிக்காமல் இருந்தவர்கள், சட்டம் பறித்ததைவிட மிகுதியாகத் தாமே இழந்தார்கள்.

துணைவருக்கான தொகையும் ஒரு தவறான அச்சமும்

இவ்விதியின் உடன்பிறப்பு ஒன்றும் உண்டு. 1977இல் இயற்றப்பட்ட 'கவர்ன்மென்ட் பென்ஷன் ஆஃப்செட்' என்பது அது. கணவர் அல்லது மனைவியின் பெயரில் வரும் துணைவர் ஓய்வூதியத்திலிருந்தும், அவர் மறைந்தபின் வரும் ஓய்வூதியத்திலிருந்தும், பெறுபவரின் சொந்த அரசு ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கழித்த விதி அது. மாதம் 1,500 டாலர் மாநில ஓய்வூதியம் பெற்ற ஓர் அமெரிக்க ஆசிரியைக்கு, கணவர்வழி வரவேண்டிய தொகையில் 1,000 டாலர் கழிந்தது. பலருக்கு எதுவுமே மிஞ்சவில்லை.

இந்த இரண்டாம் விதி அமெரிக்காவின் கூட்டாட்சி, மாநில, உள்ளாட்சி அரசுகள் தரும் ஓய்வூதியத்துக்கே உரியது. வெளிநாட்டு அரசு தரும் ஓய்வூதியத்துக்கு அது பொருந்தியதில்லை. ஆகவே இந்தியாவில் அரசுப் பள்ளி ஆசிரியையாக ஓய்வு பெற்ற ஒருவரின் இந்திய ஓய்வூதியம், கணவர்வழி அமெரிக்கத் தொகையை இவ்விதியால் குறைத்திருக்க இயலாது. இரு விதிகளையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டதால் எழுந்த அச்சம் அது.

2025இல் நடந்த மாற்றம்

இவ்விரு விதிகளையும் எதிர்த்து ஆசிரியர், காவலர், தீயணைப்பு வீரர் சங்கங்கள் அமெரிக்காவில் நெடுங்காலம் குரல் கொடுத்து வந்தன. உழைத்துப் பெற்ற இரு உரிமைகளுள் ஒன்றைக் காட்டி மற்றதைக் குறைப்பது நியாயமன்று என்பது அவர்களது வாதம். பங்களிப்பற்ற பணியில் ஒருவர் உண்மையில் எவ்வளவு ஈட்டினார் என்று பாராமல் பொதுச் சூத்திரம் ஒன்றால் கழித்தது குறைந்த வருவாயுள்ளோரைக் கடுமையாகத் தாக்கியது என்ற குறையும் கூறப்பட்டது. மறுதரப்பினர், விதிகளை நீக்கினால் பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 19,600 கோடி டாலர் கூடுதலாகச் செலவாகும் என்ற நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகத்தின் மதிப்பீட்டைச் சுட்டிக்காட்டினர்.

இறுதியில், 'சோஷியல் செக்யூரிட்டி ஃபேர்னஸ் ஆக்ட்' என்ற சட்டம் 2024 நவம்பரில் கீழவையிலும் டிசம்பரில் மேலவையிலும் நிறைவேறியது. 2025 ஜனவரி 5 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்டார். இரு விதிகளும் நீக்கப்பட்டன. 2024 ஜனவரி மாதத்துக்கான ஓய்வூதியம் முதற்கொண்டு இந்நீக்கம் பொருந்தும். இதனால் பயன்பெறுவோர் 28 லட்சத்துக்கும் மேற்பட்டவர் என அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் தெரிவித்தது. 2025 பிப்ரவரி இறுதியில் நிலுவைத் தொகை வழங்கல் தொடங்கியது; உயர்த்தப்பட்ட மாதத் தொகை ஏப்ரல் முதல் வரத் தொடங்கியது.

நம் எடுத்துக்காட்டில் உள்ளவர் இனி 1,073.50 டாலருக்குப் பதிலாக முழு 1,323.50 டாலரையும் பெறுவார். மாதம் 250 டாலர். ஆண்டுக்கு 3,000 டாலர். நாம் கொண்ட மாற்று விகிதத்தில் 2,40,000 ரூபாய்.

மாறாதவை

இங்கேதான் கவனம் வேண்டும். கழிப்பு விதி நீங்கியது. கணக்கின் அடிப்படை நீங்கவில்லை.

முதலாவது, 40 புள்ளிகள் என்ற தகுதி அப்படியே உள்ளது. 38 புள்ளிகளோடு தாயகம் திரும்பியவருக்கு அமெரிக்க முதுமை ஓய்வூதியம் இல்லை. செலுத்திய வரியும் திரும்பாது. இரு நாட்டுப் பணிக்காலத்தையும் கூட்டித் தகுதி கணக்கிடும் உடன்படிக்கையை அமெரிக்கா ஏறத்தாழ முப்பது நாடுகளுடன் செய்துகொண்டுள்ளது. இந்தியாவுடன் அத்தகைய உடன்படிக்கை இல்லை. இந்தியா ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளுடன் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துள்ளது. அந்நாடுகளில் பணியாற்றியோர்க்கு உரிய விதிகள் வேறு.

இரண்டாவது, சுழிய ஆண்டுகள் சுழியமாகவே இருக்கும். இந்தியாவில் உழைத்த ஆண்டுகள் அமெரிக்கச் சராசரியில் எவ்வித மதிப்பும் பெறா. எஃப்-1 விசாவில் உள்ள மாணவர்கள் பொதுவாக முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகள் இவ்வரியிலிருந்து விலக்குப் பெற்றவர்கள். அப்போது ஈட்டிய ஊதியத்துக்கும் புள்ளிகள் சேரா.

மூன்றாவது, வருமான வரி. அமெரிக்கக் குடியுரிமையும் நிரந்தர வசிப்புரிமையும் இல்லாமல் இந்தியாவில் வாழ்பவரின் ஓய்வூதியத்தில் 85 விழுக்காட்டுப் பகுதிக்கு 30 விழுக்காடு, அதாவது மொத்தத்தில் 25.5 விழுக்காடு, அங்கேயே பிடிக்கப்படும். 1,323.50 டாலரில் சுமார் 337 டாலர் கழிந்து 986 டாலரே கைக்கு வரும். இந்திய–அமெரிக்க இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 20ஆம் பிரிவின்படி, சமூகப் பாதுகாப்புத் தொகைக்கு வரி விதிக்கும் உரிமை அதை வழங்கும் நாட்டுக்கே உரியது. எனவே ஒரே தொகைக்கு இரு நாடுகளிலும் வரி செலுத்த நேராதபடி, இந்திய வரிக் கணக்கில் அதைக் காட்டும் முறையைப் பட்டயக் கணக்காளரிடம் கேட்டறிதல் நன்று.

நான்காவது, துணைவருக்கான தகுதி. அமெரிக்காவுக்கு வெளியே வாழும் இந்தியக் குடிமகன் தன் சொந்தப் பணிக்கான ஓய்வூதியத்தைத் தொடர்ந்து பெறலாம். ஆனால் அவரது மனைவியோ கணவரோ துணைவர் என்ற முறையில் பெற வேண்டுமானால், அந்த உறவில் இருந்தவாறு பொதுவாக 5 ஆண்டுகளேனும் அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஏற்கெனவே கழிப்புடன் ஓய்வூதியம் பெற்றுவந்தவர்கள், தம் கணக்கில் நிலுவை வந்ததா, மாதத் தொகை உயர்ந்ததா எனச் சரிபார்க்க வேண்டும். முகவரியோ வங்கிக் கணக்கோ மாறியிருந்தால் உடனே தெரிவிக்க வேண்டும்.

2. பழைய விதியை எண்ணி விண்ணப்பிக்காமலே இருந்தவர்கள் இப்போது தாமே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் இல்லாதவருக்குத் தொகை தானாக வந்து சேராது. முழு ஓய்வு வயதைக் கடந்தபின் விண்ணப்பித்தால், பின்னோக்கிக் கிடைக்கும் நிலுவை பொதுவாக 6 மாதங்களுக்கு மேற்படாது.

3. காலத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். 62 வயதிலேயே பெறத் தொடங்கலாம். ஆயின் முழு ஓய்வு வயது 67 உடையவருக்குத் தொகை 30 விழுக்காடு குறையும். 67க்குப் பின் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 8 விழுக்காடு கூடும். 70க்குப் பின் காத்திருப்பதால் பயனில்லை.

4. சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையக் கணக்கில் உங்கள் ஊதியப் பதிவையும் புள்ளிகளையும் பாருங்கள். விடுபட்ட ஆண்டுகள் இருப்பின் பழைய டபிள்யூ-2 படிவங்களே சான்று. அவற்றைப் பழைய தாள் என்று எறிந்துவிடாதீர்கள்.

5. வெளிநாட்டில் வாழ்வோர்க்கு ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை அந்நிர்வாகம் வினாத்தாள் ஒன்றை அனுப்பும். நம் ஊரில் ஆண்டுதோறும் அளிக்கும் வாழ்நாள் சான்றிதழைப் போன்றது அது. நிரப்பி அனுப்பாவிடில் ஓய்வூதியம் நிறுத்தப்படும்.

6. நிலையாகத் தாயகம் திரும்பியவர் என்.ஆர்.ஈ. கணக்கை அப்படியே தொடர இயலாது. அதை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். அந்நியச் செலாவணியாகவே வைத்திருக்க விரும்புவோர் ஆர்.எஃப்.சி. கணக்குக்கான தகுதியைக் கிளையில் கேட்டறியலாம்.

7. இனிமேல் வெளிநாடு செல்ல இருக்கும் இளையோர், ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் 10 ஆண்டுகள் நிறைந்திருந்தால் திட்டச் சான்றிதழைப் பெற்றுப் பத்திரப்படுத்த வேண்டும். 58 வயதில் இந்திய ஓய்வூதியத்துக்கு அதுவே ஆதாரம். அவ்வோய்வூதியம் இனி அமெரிக்கத் தொகையைக் குறைக்காது.

இறுதியாக ஒன்று. அமெரிக்க ஓய்வூதிய நிதியின் கையிருப்பு 2033இல் தீர்ந்துவிடும் எனவும், அதன்பின் வரும் வரி வருவாய் உரிய தொகையில் ஏறத்தாழ 77 விழுக்காட்டுக்கே போதுமாக இருக்கும் எனவும் அந்நிதியின் பொறுப்பாளர்கள் 2025 அறிக்கையில் கூறியுள்ளனர். அதற்குள் சட்டம் மீண்டும் மாறலாம். 1983இல் ஒரு சட்டம் குறைத்ததை 2025இல் மற்றொரு சட்டம் திருப்பித் தந்தது. ஆகவே அயல்நாட்டு ஓய்வூதியம் ஒன்றையே நம்பி முதுமையைத் திட்டமிடுவது பொருந்தாது. அதே வேளையில், நம் உழைப்புக்கு உரியதை நாலுபேர் சொன்ன அரைகுறைச் செய்தியை நம்பி விட்டுவிடவும் கூடாது. உங்கள் வீட்டிலோ சுற்றத்திலோ அமெரிக்காவில் பத்தாண்டு உழைத்துத் திரும்பிய மூத்தவர் இருந்தால், அவர் விண்ணப்பித்துவிட்டாரா என்று இன்றே ஒருமுறை கேளுங்கள்.